கொள்ளைக் காய்ச்சலும் கூட்டுக் காவலும்

வைகாசி மாதம் பிறந்ததும் மட்டக்களப்பு நாட்டின் கண்ணகை அம்மன் கோயில்களிற் கதவு திறக்கும் சடங்கு தொடங்கிவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் சாத்திக் கிடக்கும் திருக்கதவு சில நாட்கள் திறந்திருந்து, குளிர்த்தியோடு மீண்டும் அடைக்கப்படுவது பல ஊர்களின் வழக்கம். மதுரையை எரித்த தேவியின் வெம்மையைத் தணிப்பதே குளிர்த்தியின் நோக்கமென்பர் பெரியோர். அம்மையும் சின்னமுத்தும் கொப்புளிப்பானும் ஊரை அணுகாதிருக்க வேண்டும், மழை தவறாது பெய்ய வேண்டும், வயல் விளைய வேண்டும் என்பதே அங்கு கூடும் மக்களின் வேண்டுதல்.

இதனை மூடநம்பிக்கையென ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோரும் உளர். முன்னோரின் விஞ்ஞானமென மிகைப்படுத்திப் போற்றுவோரும் உளர். வரலாற்று மாணவனுக்கு இவ்விரண்டும் போதா. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பங்குழை செருகப்படும். அயலார் உள்ளே வரமாட்டார். அவ்வீட்டார் கொண்டாட்டங்களுக்குச் செல்லார். நோயாளிக்குத் தனிப் பாய், தனி இடம், பராமரிக்க ஒருவர். தெய்வத்தின் பெயரால் ஓர் ஊர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தனிமைச் சட்டமாகவே இவ்வொழுக்கம் செயற்பட்டது. நோய்க்குக் காரணம் என்னவென அறியாத காலத்திலும், அது ஆளிடமிருந்து ஆளுக்குச் செல்கிறதென்பதை மக்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். தடுப்பூசி எட்டாத காலத்தில் ஒரு சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா என்ற வினாவுக்கு வரலாறு தரும் முதல் விடை அந்த வேப்பங்குழையே.

ஆயின் 1918இல் வந்த பகை வேறு வகையினது. அம்மை நோய் உடலிற் கொப்புளமாகத் தன்னை அறிவிக்கும். வாசலிற் குழை செருகியதும் ஊர் விழித்துக்கொள்ளும். இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. கிருமி உடலிற் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காண்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே அம்மனிதரின் மூச்சும் இருமலும் பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. அதன் பின்னும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்று நீடிக்கிறது. காய்ச்சல்காரர் பாயிற் படுக்கும் வேளையில், அவரிடமிருந்து புறப்பட்ட நோய் அயல்வீட்டைக் கடந்து அடுத்த ஊர்ச் சந்தையை அடைந்திருக்கும். பழைய காவல் தோற்றது மக்களின் கவனக்குறைவினாலன்று. பகைவன் கண்ணுக்குத் தெரியுமுன்னரே வாசலைக் கடந்துவிட்டான்.

தடுப்பு மருந்தின் வரலாற்றிலும் இவ்விரு நோய்களுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மைப்பால் வெற்றிகரமாக ஏற்றப்பட்டது. அவள் கையிலெழுந்த கொப்புளத்து நீரே அடுத்த குழந்தைகளுக்கு மருந்தாயிற்று. இவ்வாறு கையிலிருந்து கைக்குச் சென்ற அம்மைப்பால் அதே ஆண்டில் இலங்கையையும் அடைந்தது. அம்முறையிற் குறைகள் பல இருந்தன. ஏழைக் குழந்தைகளின் உடலே மருந்துக் கொள்கலமாக்கப்பட்டது. எனினும் ஒருமுறை ஊருக்குள் வந்த அம்மைப்பாலை மக்களே பெருக்கிக்கொள்ள முடிந்தது. இன்புளுவென்சாவின் கதை வேறு. அதன் கிருமி 1933இலேயே மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது. 1940களிலேயே தடுப்பூசி பயனுக்கு வந்தது. அதனைச் செய்யக் கருக்கட்டிய கோழிமுட்டைகள் இலட்சக்கணக்கில் வேண்டும், தொழிற்சாலை வேண்டும், குளிர் குன்றாத போக்குவரத்து வேண்டும், புதிய கிருமி தோன்றினாற் புதிய ஊசிக்கு ஏறத்தாழ ஆறு மாதம் வேண்டும். ஆகவே இம்மருந்து எவரிடம் தொழிற்சாலையும் பணமும் உண்டோ அவரிடமே முதலிற் சென்று சேர்கிறது. தடுப்பூசிப் பஞ்சமென நாம் கூறுவது பெரும்பாலும் பங்கீட்டின் பஞ்சமே.

1918இல் எவரிடமும் ஊசி இல்லை. அவ்வகையில் அன்று உலகம் சமமாகவே இருந்தது. அவ்வாறாயின் சாவும் சமமாகவன்றோ வந்திருக்க வேண்டும்?

முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டு அது. படைவீரரும் சரக்கும் ஏற்றிய கப்பல்கள் நோயையும் ஏற்றிச் சென்றன. ஜூன் 10ஆம் திகதி பம்பாய்த் துறைமுகத்திற் காவல் புரிந்த ஏழு சிப்பாய்கள் காய்ச்சலோடு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். அம்மாதத்திலேயே கொழும்புத் துறைமுகத்திலும் நோய் தலைகாட்டியது. முதல் அலை மென்மையாகக் கடந்தது; செப்டெம்பரில் மூண்ட இரண்டாம் அலையே கொலையலை. இலங்கையின் வடபகுதியிலும் தென்பகுதியிலும் ஒக்டோபர்த் தொடக்கத்திற் சாவு உச்சத்தை எட்டியது; நடுப்பகுதியில் 1919 மார்ச் மாதத் தொடக்கத்தில் உச்சம் கண்டது. குடிசன மதிப்பீடுகளைக் கொண்டு அண்மைக்கால ஆய்வாளர் செய்த கணக்கின்படி, இத்தீவு இழந்த மக்கள் தொகை ஏறத்தாழ 307,000. அதாவது நூற்றுக்கு 6.7 பேர். பதிவேறாத சாவுகளும், அக்காய்ச்சலாற் பிறக்காமற் போன குழந்தைகளும் இத்தொகையில் அடங்கும். முன்னைய மதிப்பீடுகள் இதனிலும் மிகக் குறைந்தவை. ஏழையின் சாவு ஏட்டில் ஏறுவது எக்காலத்திலும் அரிதன்றோ!

அன்றைய ஆட்சியாளரிடம் காவல் ஏற்பாடு எதுவும் இல்லையென்று கூறமுடியாது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை மறித்து, பரிசோதித்து, அம்மைப்பால் குத்தி அனுப்ப மண்டபத்தில் முகாம் இருந்தது. ஆனால் அந்த முகாமின் வேலி கூலியாளை மனத்திற்கொண்டே கட்டப்பட்டது. நோயென்பது வறியவனின் உடலில் வருவதென்பதே ஏகாதிபத்தியத்தின் சுகாதாரத் தத்துவம். போர்க்காலக் கப்பல்களிற் கொழும்புத் துறையில் வந்திறங்கிய காய்ச்சலுக்கு அந்த வேலி என் செய்யும்? மலையகத்தை அடைந்த தொழிலாளரோ பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிற் குடும்பத்தோடு நெருங்கி வாழ்ந்தனர். எல்லையில் மறித்துக் காக்கப்பட்ட உடல், எல்லை கடந்தபின் காற்றும் இடமும் மறுக்கப்பட்ட உடலாயிற்று.

சாவின் வர்க்கக் கணக்கைப் பம்பாய் நகரின் புள்ளிவிவரம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. 1918இல் அந்நகரில் இன்புளுவென்சாவால் மாண்டோர் ஆயிரவருக்கு எத்தனை பேர் எனப் பகுத்தபோது, ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, சாதி இந்துக்கள் 18.9, தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6 எனக் கண்டனர். ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி. ஊசியோ எவருக்கும் இல்லை. இருந்தும் சேரிக்கும் மாளிகைக்கும் இடையே சாவு ஏழு மடங்காயிற்று. அவ்வேற்றுமையை உண்டாக்கியது கிருமியன்று. வீட்டின் அகலமும், கலத்திலிருந்த உணவும், படுத்திருக்க வாய்த்த ஓய்வும், அருகிலிருந்து தண்ணீர் கொடுக்க ஒருவர் இருந்தமையுமே. என். எம். ஜோஷி எனத் தொழிற்சங்க நூல்களில் நாம் காணும் பெரியார் தோற்றுவித்த சமூகசேவைக் கழகம் அந்நாட்களில் நிவாரணப் பணியில் இறங்கியது. மருந்தில்லா நோய்க்கும் பணிவிடை உண்டென்பதை அத்தொண்டர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆட்சியின் ஒரு முடிவு எத்தனை உயிர்களின் விலையாகும் என்பதற்குப் பசிபிக் கடலின் இரு சமோவாக்கள் சான்று. நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்த மேற்குச் சமோவாவில் 1918 நவம்பர் 7ஆம் திகதி 'தலூன்' என்னும் கப்பல் நோயாளரோடு கரைசேர அனுமதிக்கப்பட்டது. சில வாரங்களுள் ஐவரில் ஒருவர் மாண்டனர். அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் கப்பல்களை மறித்தார். அங்கே ஒருவரும் இறக்கவில்லை. இரு தீவிலும் வாழ்ந்தோர் ஒரே இனத்தவர். பேசியது ஒரே மொழி.

நமது வாவிக்கரையின் அக்கால வாழ்வை எண்ணிப் பார்ப்போம். புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது 1928இல்; கல்லடிப் பாலம் எழுந்ததும் 1920களிலேதான். அதற்கு முன் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் தோணியும் 'பாதை'யுமே வழி. இத்தகைய நாட்டுக்கு நீர்நிலையே அரணாகுமென்று தோன்றலாம். ஆனால் படுவான்கரை வயல்களின் உழைப்பு எழுவான்கரை ஊர்களிலிருந்தும் சென்றது. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆட்கள் கூட்டமாகச் சென்று ஒரே வாடியிற் படுத்தெழுந்தனர். போடியாரின் வயலில் உழைத்த வயற்காரருக்குப் போக முடிவிற் கிடைப்பதே கூலி. இடையிற் படுத்தால் வேலையும் போகும், முற்பணமாக வாங்கிய நெல்லின் கடனும் ஏறும். ஐந்து நாள் ஓய்வு என்னும் எளிய மருந்து அவருக்குக் கிடைக்கவொண்ணாத பெருஞ் செல்வமாக இருந்தது. நீர் அரணாக இருந்தும் நிலவுடைமை அவ்வரணைத் திறந்துவைத்தது.

இந்நிலை தானாக மாறவில்லை. 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது. நோய் வந்தபின் வைத்தியசாலைக்கு மக்கள் செல்வதை விடுத்து, நோய் வருமுன் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதும் மக்களின் வாசலுக்குச் செல்லும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றபோது, சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களிற் புகுந்தனர். குயினைன் மட்டும் போதாது, பட்டினியுடலுக்குச் சோறும் வேண்டும் என்பதைக் கண்ணாற் கண்ட அத்தலைமுறையிலிருந்தே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. பின்னர் வந்த இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இத்தகைய போராட்டங்களின் விளைவுகளே. எழுதப்படிக்கத் தெரிந்த தாயும், வீடு தேடி வரும் மருத்துவமாதும் இந்நாட்டின் முதலிரு தடுப்பூசிகள் என்றாலும் தவறாகாது.

1957இல் அடுத்த சோதனை வந்தது. சீனத்தில் தோன்றிய புதிய இன்புளுவென்சா ஏப்ரலில் ஹொங்கொங்கையும், பின் சிங்கப்பூரையும், மே மாதத்திற் கப்பல்வழிச் சென்னையையும் அடைந்தது. மக்கள் சீனம் அன்று உலக சுகாதார நிறுவனத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தமையால் அங்கிருந்து எச்சரிக்கை உரிய காலத்திற் கிடைக்கவில்லை. அரசியற் பகைமைக்கு மனிதகுலம் கொடுத்த விலை அது. 1958 பெப்ரவரி வரை இந்தியாவிற் பதிவானவர் 44 இலட்சத்துக்கும் மேல். பதிவான சாவு 1,098. குன்னூர் பாஸ்டர் நிலையத்து விஞ்ஞானிகள் கிருமியை இனங்கண்டனர். ஆயினும் அறிவு இருந்த இடத்தில் ஆலை இல்லை. அமெரிக்காவில் மொரிஸ் ஹில்மன் விரைந்து செயற்பட்டு, அவ்வாண்டுக்குள் ஏறத்தாழ நான்கு கோடி ஊசிகள் உருவாக வழிசெய்தார். அது விஞ்ஞானத்தின் வெற்றி. ஆனால் யாருக்கு முதலில் என்ற அரசின் பரிந்துரை கட்டாயமற்றதாகவே இருந்தமையால், செல்வம் கொழித்த அந்நாட்டிலேயே பங்கீட்டைச் சந்தை தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆசியக் கிராமங்களுக்கோ அது செய்தித்தாளில் மட்டும் வந்த மருந்து.

இவ்வநீதியை வெளிப்படையாக எதிர்த்த நாடு இந்தோனேசியா. பறவைக் காய்ச்சற் கிருமியை நாங்கள் இலவசமாக அனுப்புகிறோம். அதிலிருந்து செய்யப்படும் ஊசியை எங்களால் வாங்க முடியாத விலைக்கு விற்கிறீர்கள் என்று கூறி, 2007இல் அந்நாடு கிருமி மாதிரிகளை அனுப்ப மறுத்தது. அதன் பயனாகவே 2011இல் உலக சுகாதார நிறுவனத்தில் மாதிரிகளையும் பயன்களையும் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு ஏற்பட்டது. எனினும் 2021இல் நாம் கண்டதென்ன? இந்தியா அன்பளித்த 500,000 ஊசிகளோடு ஜனவரி 29இல் இலங்கையிற் கொவிட் தடுப்பூசி தொடங்கியது. சில மாதங்களில் இந்தியாவின் ஏற்றுமதி நின்றது. முதலூசி பெற்ற ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்குக் காத்திருந்தனர். ஜூலை இறுதியில் யப்பானின் உதவி வந்த பின்னரே அவர்களின் காத்திருப்பு முடியத் தொடங்கியது. காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரிற் கேட்டன. உலக வர்த்தக நிறுவனம் 2022 ஜூனில் ஒரு குறுகிய சலுகையையே அளித்தது. அதற்குள் எத்தனை புதைகுழிகள்!

புதைகுழி என்றதும் நம் மாவட்டத்தின் ஓட்டமாவடி நினைவுக்கு வரும். புதைப்பதால் ஆபத்தென்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லாதிருந்தும், உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாமென வழிகாட்டியிருந்தும், 2020இல் எல்லா உடல்களையும் எரிக்கவேண்டுமென அரசு ஆணையிட்டது. இஸ்லாமியப் பெற்றோரின் கண்ணீர் மாதக்கணக்கிற் கேட்கப்படவில்லை. 2021 மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரிற் புதைக்க இடம் விடப்பட்டது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் கொணரப்பட்ட எல்லாச் சமயத்தவருமாக மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மண்ணில் உறங்குகின்றனர். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இதனை நீதிப் பிரச்சினையாக மட்டுமன்றிச் சுகாதாரப் பிரச்சினையாகவும் நோக்க வேண்டும். தன் பிள்ளையின் உடல் பறிக்கப்படும் என்றஞ்சும் தாய், காய்ச்சலை மறைப்பாள். மறைந்த காய்ச்சலே பரவும் காய்ச்சல். பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்நாட்டில், ஓரினத்தின் மீது ஏவப்படும் அவமதிப்பு எல்லா இனத்தின் காவலையும் உடைத்துவிடும்.

இனி, கிடைக்கும் ஊசி சொற்பமாயின் அதனை எவ்வாறு பகிர்வது? வைத்தியசாலைப் பணியாளர், கர்ப்பிணிகள், முதியோர், நாட்பட்ட நோயுடையோர் முதலிடம் பெறவேண்டும் என்பதில் ஐயமில்லை. அடுத்த இடத்தில் விஞ்ஞானம் நம் பாடசாலைகளைச் சுட்டுகிறது. 1968இல் அமெரிக்காவின் டெகும்சே என்னும் ஊரிற் பள்ளிச் சிறுவரில் 85 வீதமானோருக்கு ஊசி போட்டபோது, அயலூரோடு ஒப்பிடுகையில் ஊர் முழுவதிலும் நோய் மூன்றிலொன்றாகக் குறைந்தது. சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் என்னும் சமூகத்தினரின் 49 குடியிருப்புகளிற் கனடாவில் 2008-09இல் ஆய்வு செய்தனர். சிறுவருக்கு மட்டுமே ஊசி போடப்பட்டது. போடாத மற்றையோரும் 61 வீதம் காக்கப்பட்டனர். குழந்தையின் கையிற் குத்திய ஊசி பாட்டியின் மார்பைக் காக்கிறது. தடுப்பூசி தனிமனிதர் விலைக்கு வாங்கும் பண்டமன்று, ஊரின் பொதுச்சொத்து என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உரைப்பது? இன்புளுவென்சா ஊசியோ இன்றும் நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெறவில்லை. அதனை இடம்பெறச் செய்யக் குரல் எழுப்புவது ஆசிரியர் சங்கங்களின் கடமை.

அதுவரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. இலங்கையில் இக்காய்ச்சல் ஆண்டில் இருமுறை மிகும்: மே, ஜூன் மாதங்களை ஒட்டி ஒருமுறை, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொருமுறை. முதலாவது நம் வைகாசிச் சடங்கின் காலம். இரண்டாவது வாவி பெருகும் மாரிகாலம். மாரியிற் சாத்தப்படும் வகுப்பறைச் சாளரங்களை இயன்றவரை திறந்து வைப்போம். ஒருநாளும் தவறாது வந்த மாணவனுக்குப் பரிசளிக்கும் வழக்கத்தை விடுவோம்; காய்ச்சலோடும் வா என்றே அப்பரிசு குழந்தைக்குக் கற்பிக்கிறது. குளிர்த்திக்குக் கூடும் மக்களிடம், இருமலுள்ளோர் இம்முறை வீட்டிலிருந்து கும்பிடட்டும் என்று கோயில் நிருவாகமே சொல்லட்டும்; வேப்பங்குழையின் பொருள் அதுவே.

அனைத்திலும் முதன்மையானது கூலி. நாட்கூலிக்கு மீன்பிடிக்கச் செல்பவரையும், வயலிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைப்பவரையும் ஐந்து நாள் வீட்டிலிரு என்று அறிவுறுத்துவது எளிது. அந்த ஐந்து நாளும் அடுப்பெரியச் செய்வதே காவல். நம் ஊர்களில் மரண ஆதாரச் சங்கங்கள் உண்டு. சாவு வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் உணவும் தர மாதந்தோறும் ஏழைகளே பணம் சேர்க்கின்றனர். அச்சங்கம் நோய்வீட்டுக்கு ஐந்து நாள் அரிசியும் பருப்பும் ஏன் தரக்கூடாது? மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் கூட்டுறவுக் கடையும் அதனோடு ஏன் இணையக்கூடாது? அரசிடம் நோய்க்கால ஊதியத்தைச் சட்டமாகக் கேட்போம். கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் ஊர்களில் அதனைச் செய்து காட்டுவோம். அடுத்த மாரிக்கு முன் நடைபெறும் பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக வைக்க, ஊருக்கு ஓர் ஆசிரியர் முன்வந்தாற் போதும்.